ஃபேனுக்குக் கீழே பேஸ் இல்லை!

வீட்ல சப்ஊஃபர் வெச்சிருக்கிற மகாஜனங்களே... ஒரே ஒரு கேள்வி. அந்தக் கறுப்புப் பொட்டியோட முதுகுல ரெண்டு மூணு குமிழும் ஒரு குட்டி ஸ்விட்ச்சும் இருக்கே, அதையெல்லாம் எப்பவாவது தொட்டுப் பார்த்திருக்கீங்களா? வாங்கின அன்னிக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ இன்னிக்கும் அதே பக்கம்தான்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இன்னும் வாங்காதவங்க? வேலைக்குப் போய் முதல் மாச சம்பளத்துல வாங்கத்தான் போறீங்க. படிச்சு வைங்க பாஸ்!

நான் படிக்கிறது ஈ.சி.இ. மூணாவது வருஷம். ஃபில்டர், ஃபேஸ், ரெசொனன்ஸ்னு பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கியாச்சு. இதெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள இவ்வளவு சண்டையைக் கிளப்பும்னு மட்டும் எந்த புக்லயும் போடலை.

சண்டை அப்புறம். முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடலாம்.

மனுஷக் காதுக்கு 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும். அதுல அடிமட்டத்துல கிடக்கிற கொஞ்சூண்டு இடத்தைப் பார்த்துக்கத்தான் சப்ஊஃபர்னு தனியா ஒரு ஆள். பியானோவோட கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரோட தடிமனான கம்பி 41 ஹெர்ட்ஸ். இதையெல்லாம் டி.வி.க்குள்ள இருக்கிற சுண்டுவிரல் தண்டி ஸ்பீக்கர் சத்தியமா தராது. 1974ல 'எர்த்க்வேக்'னு ஒரு ஹாலிவுட் படம் வந்தப்போ, தியேட்டருக்குள்ள ராட்சசப் பொட்டிகளை இறக்கி, நிலநடுக்கத்தை ஜனங்க உடம்புலயே உணர வெச்சாங்க. சென்சரவுண்ட்னு அதுக்குப் பேர். இன்னிக்கு நாம 5.1னு சொல்றோமே, அதுல '5' முழு ஸ்பீக்கர்கள். அந்தப் புள்ளி ஒண்ணு? 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற இடி, மின்னல், வெடிகுண்டு, பூகம்பம் மட்டும் ஓடுற தனி ட்ராக். முழுசா ஒரு சேனல்னு சொல்ல முடியாததால பத்துல ஒரு பங்கு மரியாதை!

போற போக்குல ஒரு புலம்பல். பொட்டி மேல '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.'ன்னு போட்டிருந்தா அசந்துடாதீங்க. உங்க வீட்டு சாதாரண ப்ளக் பாயின்ட்ல 230 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க... 1150 வாட்ஸ்தான் வருது. இஸ்திரிப் பெட்டியே 1000 வாட்ஸ்ல சட்டையைப் பொசுக்குது. அப்போ அந்த 5000 எங்கிருந்து வந்துச்சு? அச்சடிச்ச அட்டையில இருந்து வந்துச்சு! ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க. அதுதான் நிஜ எண். 60, 100னு சின்னதா இருக்கும், ஆனா நேர்மையா இருக்கும்.

சரி, சண்டைக்கு வருவோம்.

எங்க வீடு கோயமுத்தூர் சிங்காநல்லூர் பக்கம், மாடியில. அப்பாவோட நண்பர் ஒருத்தர் ட்ரான்ஸ்ஃபர்ல ஊரைக் காலி பண்ணும்போது அவரோட ரிசீவர், அஞ்சு ஸ்பீக்கர், பத்து இன்ச் சப்ஊஃபர் எல்லாத்தையும் பாதி விலைக்குக் கொடுத்துட்டுப் போனார். அப்பா முகத்துல அவர் கல்யாண ஆல்பத்துல கூட இல்லாத சந்தோஷம்! ஞாயித்துக்கிழமை காலையில வயர் இழுத்து, சாயந்தரம் படம் போட்டாச்சு.

அப்பா சொன்னார்: "என்னம்மா இது, பேஸே இல்லை?" குமிழை ஏத்தினார். அதே நிமிஷம் பின்னாடி மூலையில இருந்து அப்பாரு (அப்பாவோட அப்பாங்க, எங்க ஊர்ப் பக்கம் இப்படித்தான்) குரல் வந்துச்சு: "அம்மணி, இதைக் கொஞ்சம் அமத்து சாமி. பேசறது ஒண்ணும் வெளங்கமாட்டீங்குது. இடி மட்டும்தான் இடிக்குது." அம்மா சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒரே மாதிரிதானே கேட்குது?"ன்னாங்க. ஒரே ஹால். ஒரே படம். மூணு பேர், மூணு தீர்ப்பு!

வீட்ல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினது என்னன்னா, அப்பாருக்குக் காது மந்தம், அதான் அப்படிச் சொல்றாருன்னு. அவருக்குக் காது மந்தம்தான், இல்லைன்னு சொல்லலை. 31 வருஷம் மில்லுல தறி ஓடுற செக்‌ஷன்ல வேலை பார்த்த மனுஷன். ஆனா காது மந்தமானவர் 'சத்தம் பத்தலை'ன்னுதானே சொல்லணும்? இவர் ஏன் குறைக்கச் சொல்றார்? இந்தக் கேள்விதான் என்னைக் குடைஞ்சுது. டேப்பை எடுத்து ஹாலை அளந்தேன். நீளம் 14 அடி. அகலம் 10 அடி. உயரமும் 10 அடி.

இங்கதான் மேட்டர். ஒரு நீளமான ட்ரேயில தண்ணி ஊத்தி, மெதுவா ஆட்டிப் பாருங்க. ரெண்டு முனையிலயும் தண்ணி ஏறி இறங்கும். சரியா நடுவுல? மட்டம் அசையவே அசையாது. ரூமுக்குள்ள பேஸும் இதே கூத்துதான் அடிக்குது. 40 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் எவ்வளவு தெரியுமா? எட்டரை மீட்டர்! அதாவது 28 அடி. 14 அடி ஹால்ல அதுல சரிபாதி கச்சிதமா உட்கார்ந்துக்கும். உட்கார்ந்து, சுவத்துக்கும் சுவத்துக்கும் எதிரொலிச்சு, ட்ரே தண்ணி மாதிரி ஒரே இடத்துல ஆடும். சுவர் ஓரத்துல தடதடன்னு இருக்கும். நட்டநடுவுல சுத்தமா இருக்காது. கணக்கு ரொம்ப சிம்பிள். சத்தத்தோட வேகத்தை (விநாடிக்கு சுமார் 345 மீட்டர்) ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்துடுங்க. 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். எங்க ஹால்ல அகலமும் உயரமும் ஒண்ணாப் போனதால 56 ஹெர்ட்ஸுக்கு டபுள் டோஸ். கதவைத் திறந்து வெச்சா, சுவர் அரைகுறையா இருந்தா இந்த எண்கள் கொஞ்சம் அப்படி இப்படி ஆகும். ஆனா கதை இதுதான்.

இப்போ அப்பா எங்கே உட்கார்றார்னு பாருங்க. ஃபேனுக்குக் கீழே! நம்ம ஊர்ல யார்தான் வேற எங்கே உட்காருவாங்க? கொத்தனார் கூரையில கொக்கி வைக்கிறது ஹாலோட நட்டநடு சென்டர்ல. நாம சேரைப் போடுறது அந்தக் கொக்கிக்கு நேர் கீழே. நீளவாக்கு அலைக்கும் நடு அதுதான், அகலவாக்கு அலைக்கும் நடு அதுதான். வெளிநாட்டுக்காரன் எழுதின ஹோம் தியேட்டர் கையேடு எதுலயும் இதைப் போட்டிருக்க மாட்டாங்க. காத்து நல்லா வர்ற இடமும் பேஸ் செத்துப்போற இடமும் நம்ம வீட்ல ஒரே இடம்!

அப்பாரு எங்கே படுக்கிறார்? பின் சுவர் ஓரம், ஜன்னல் மூலையில, தரையில பாய் போட்டு. பின் சுவர், பக்கச் சுவர், தரை... மூணும் சேர்ற முக்குல காது. நீளம், அகலம், உயரம் மூணு அலையும் உச்சத்துல இருக்கிற ஒரே இடம் அது. சப்ஊஃபரும் எதிர் மூலையில இருந்துச்சா, மூணு அலையையும் அதுவும் ஜம்முனு கிளப்பி விட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்பா 'இல்லை'ன்னு சொன்னதும் நிஜம். அப்பாரு 'இடிக்குது'ன்னு சொன்னதும் நிஜம். அப்பா தனக்குப் பத்தலைன்னு ஒரு திருகு திருகினா, அது அப்படியே அப்பாரு தலைமாட்டுல போய் இறங்குது.

சந்தேகமா இருந்தா உங்க வீட்லயே செய்து பார்க்கலாம். போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு இறக்குங்க. சப்ஊஃபர் வழியா 40ல ஆரம்பிச்சு மெதுவா 80 வரைக்கும் ஏத்துங்க. வால்யூம் மிதமா இருக்கட்டும், பொட்டியைக் கிழிச்சுட்டு என்னைத் திட்டாதீங்க. ஹாலுக்குள்ள நடந்துக்கிட்டே கேளுங்க. ஒரு இடத்துல உறுமும். ரெண்டு அடி தள்ளினா காணாமப் போகும். உட்கார்ந்தா ஒண்ணு, எழுந்தா ஒண்ணு. எங்க தம்பி பயந்தே போயிட்டான்!

பொட்டியை எங்கே வைக்கிறதுன்னு கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை இருக்கு. கொஞ்சம் கேவலமா இருக்கும், ஆனா வேலை செய்யும். நீங்க உட்கார்ற சேர்ல சப்ஊஃபரைத் தூக்கி உட்கார வெச்சுடுங்க. பேஸ் கிடார் ஏறி இறங்கி வர்ற பாட்டு ஒண்ணை திரும்பத் திரும்ப ஓட விட்டுட்டு, நீங்க சுவர் ஓரமா முழங்கால் போட்டு குழந்தை மாதிரி தவழுங்க. எந்த இடத்துல ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அளவுல, குழறாம கேட்குதோ அங்கதான் பொட்டி. ஆளும் பொட்டியும் இடம் மாறினாலும் நடுவுல நடக்கிற கதை மாறாது, அதான் சூட்சுமம். தம்பி தவழ, நான் குறிச்சுக்க, அப்பாரு பாய்ல உட்கார்ந்து "ஏன்டா, என்னத்தைத் தொலைச்சே?"ன்னு கேட்க... அம்மா சிரிச்சு சிரிச்சு அடுப்புல பாலைப் பொங்க விட்டாங்க.

கடைசியில டி.வி. இருக்கிற சுவர்லயே, ஸ்டாண்டை ஒரு அடி ஒதுக்கி, அகலத்துக்கு ஏறக்குறைய நடுவுல பொட்டி வந்து உட்கார்ந்துச்சு. அகலவாக்கு அலைக்கு அது அசையாத இடம். அசையாத இடத்துல நின்னு ஊஞ்சலைத் தள்ள முடியுமா? முடியாது. அதனால அந்த 56ல பாதி ஆட்டம் அடங்கிப்போச்சு. அடுத்தது அப்பா சேர். ரெண்டு அடி பின்னால தள்ளணும். அவ்ளோதான். அதுக்கு நடந்த பேச்சுவார்த்தை இருக்கே... காவிரிப் பிரச்னை தோத்துது! "காத்து வராதேம்மா"ன்னு அரைமணி நேரம். டேபிள் ஃபேன் வாங்கித் தர்றதா அம்மா வாக்குக் கொடுத்த பிறகுதான் சேர் நகர்ந்துச்சு. உட்கார்ந்து படத்தைப் போட்டதும் அவரே கை நீட்டி வால்யூம் குமிழைக் குறைச்சார். கடிகாரத்துல மூணு மணி மாதிரி நின்ன குமிழ் பதினொண்ணுக்கு இறங்கிருச்சு.

உங்க செட்டுல பேஸ்னு ஒரே ஒரு குமிழ்தான் இருக்குன்னா கவலைப்படாதீங்க. இதுவரைக்கும் சொன்னதுல ஒரு பைசா செலவில்லை, ஒரு குமிழும் தேவையில்லை. மூலையில இருந்து வெளியே இழுங்க, அது போதும். மூலையில வெச்சா சத்தம் ஓசியில கூடும்தான். ஓசியில வர்றது எந்தச் சத்தம்னு பார்க்கணும்ல?

இனிமேல் குமிழ்கள்.

க்ராஸ்ஓவர்னு ஒண்ணு, பக்கத்துல 40, 80, 150னு எண்கள் இருக்கும். இதுக்குக் கீழே பொட்டி பார்த்துக்கும், மேலே மத்த ஸ்பீக்கர் பார்த்துக்கும்னு பாகப்பிரிவினை பண்றது இது. எங்க ரிசீவர் மெனுவுல போய்ப் பார்த்தா 150ல நிக்குது. ஆம்பளைக் குரலோட அடிநாதம் ஏறத்தாழ 85ல இருந்து 180 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கும். அப்போ ஹீரோ பேசும்போது குரலோட அடிப்பாகம் டி.வி. பக்கத்துல இருந்து வராம, பொட்டியில இருந்து வரும். பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி! சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வர்ற சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு நம்ம காதால கண்டுபிடிக்க முடியாது. சினிமா தியேட்டர்களுக்கு டி.ஹெச்.எக்ஸ். தர நிர்ணயம் கொண்டு வந்த டாம்லின்சன் ஹோல்மன் குழு வீட்டு செட்டுக்கு 80ஐப் பிடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் இதுதான். உங்க ஸ்பீக்கர் ஓரளவு பெருசுன்னா 80ல வைங்க. உள்ளங்கை சைஸ் குட்டின்னா அதால 80 வரைக்கும் இறங்க முடியாது, 100, 120னு வெச்சுத்தான் ஆகணும். இன்னொண்ணு... ரிசீவர்லயே க்ராஸ்ஓவர் இருக்குன்னா பொட்டி முதுகுல இருக்கிற குமிழைக் கடைசி வரை ஏத்தி விட்டுடுங்க. ரெண்டு பேரும் வெட்டினா நடுவுல ஒரு துண்டு காணாமப் போயிடும். மெனுவுல ஸ்பீக்கர் சைஸ் 'ஸ்மால்'னு வைங்க. 'என் ஸ்பீக்கரைப் போய் ஸ்மால்னு சொல்றதா'ன்னு ரோஷப்படாதீங்க, 'பேஸை பொட்டிக்கு அனுப்பு'ன்னுதான் அதுக்கு அர்த்தம்.

ஃபேஸ். (பேஸ் வேற, ஃபேஸ் வேற. வைவா கேள்வி மாதிரி ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்க!) 0, 180னு ஸ்விட்ச். 80 ஹெர்ட்ஸ் பக்கத்துல பொட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்தே பாடும். ஒண்ணு காத்தைத் தள்ளும்போது இன்னொண்ணு இழுத்தா, கழிஞ்சு போயிடும். நீங்க சேர்ல உட்காருங்க. தம்பியோ தங்கையோ ஸ்விட்ச்சை மாத்தி மாத்தித் தட்டட்டும். எதுல பேஸ் கூடுதலாக் கேட்குதோ, அதுதான் சரி. முப்பது விநாடி வேலை.

இப்போ அப்பாரு விஷயத்துக்கு வர்றேன். ஏன்னா பொட்டியை நகர்த்தினது அவர் கதையில பாதிதான்.

தறிச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் பாதுகாப்புன்னு ஒரு கணக்கு இருக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் குறையணும். 91னா ரெண்டே மணி நேரம். அப்பாருக்கு அந்தக் காலத்துல யாரும் காதுல பஞ்சு கூடக் கொடுக்கலை. சத்தத்துல அடிபடுற காது முதல்ல இழக்கிறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. டாக்டர் எடுத்த ஆடியோகிராமைப் பார்த்தேன். இடது பக்கம், கீழ் ஸ்வரங்கள்ல கோடு கிட்டத்தட்ட நார்மலாப் போகுது. அங்கே வந்ததும் மலை உச்சியில இருந்து விழுந்த மாதிரி சரிவு.

இதுக்கு என்ன அர்த்தம்னா, உயிர் எழுத்து அவருக்குக் கேட்குது, மெய்யெழுத்து கேட்கலை. கடை, தடை, படை, நடை... எல்லாம் அவருக்கு ஏதோ ஒரு 'டை'. முதல் எழுத்தை அவர் முகத்தைப் பார்த்து, சந்தர்ப்பத்தைப் பார்த்து யூகிச்சுக்கணும். இதுல பேஸ் என்ன பண்ணுது? கனமான கீழ் ஸ்வரம் தனக்கு மேல இருக்கிற மெல்லிசான சத்தங்களை அமுக்கிடும். மாஸ்கிங்னு பேர். மேலே இருக்கிறது கீழே இருக்கிறதை அவ்வளவா அமுக்காது, கீழே இருக்கிறதுதான் மேலே ஏறி மிதிக்கும். ஏற்கெனவே நூலிழையில தொங்கிட்டிருந்த மெய்யெழுத்துக்களை, மூலையில கூடின அந்த 56 ஹெர்ட்ஸ் உறுமல் மொத்தமா மூடிடுச்சு. அதான் 'சத்தத்தைக் குறை, பேசறது கேட்கலை'ன்னார். கேட்க விசித்திரமா இருந்த வாக்கியம் அட்சர சுத்தமான இன்ஜினீயரிங்!

டயலாக் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்ல இருந்துதான் வரும். சென்டர் சேனல். அதை மட்டும் 3 டெசிபல் ஏத்தினேன். அதுக்கு முன்னாடி அஞ்சு ஸ்பீக்கரையும் டெஸ்ட் டோன் ஓட விட்டு, போன்ல சவுண்ட் மீட்டர் ஆப் வெச்சு, எல்லாம் ஒரே அளவு காட்டுற மாதிரி பண்ணியாச்சு. மைக் கூடவே வர்ற ரிசீவர்னா இந்த வேலையெல்லாம் அதுவே பண்ணிக்கும். எங்களோடதுல மைக்கைக் காணோம். போனாலே போதும், அரை டெசிபல் பிசகினா குடி முழுகாது.

எங்க அப்பாருக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. காமெடி சீன்ல நாங்க எல்லாரும் சிரிச்ச பிறகு, எங்க முகத்தைப் பார்த்துட்டு ஒரு விநாடி லேட்டா சிரிப்பார். எத்தனை வருஷமா அப்படின்னு தெரியலை. இந்த செட் வந்த பிறகு அதையும் விட்டுட்டு, எட்டு மணிக்கு சாப்பிட்டதும் வாசப்படியில போய் உட்கார்ந்துக்க ஆரம்பிச்சார். கேட்டா "காத்தாட இருக்குது"ன்னார். எல்லாத்தையும் மாத்தி வெச்ச வியாழக்கிழமை ராத்திரி, ஒரு பழைய படம். நான் டி.வி.யைப் பார்க்கலை, அவரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு வசனத்துக்கு எங்களோடவே சிரிச்சார். அடுத்ததுக்கு லேட். மூணாவதுக்கு எங்களுக்கு முன்னாடியே சிரிச்சுட்டார்! அந்தக் காமெடி அவருக்கு மனப்பாடம்னு அப்பா சொல்றார். இருக்கலாம். ஆனா வாசப்படிக்கு அவர் போகலை.

காது சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. எந்தக் குமிழைத் திருகினாலும் போன காது போனதுதான். அவரோட ஹியரிங் எய்டு பீரோவுல டப்பாவுக்குள்ளயே இருக்கு. "காதுக்குள்ள கூவுது"ங்கிறார். அதைத் திரும்பக் கொண்டுபோய் அட்ஜஸ்ட் பண்ணணும், அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறதா இருக்கேன். பஸ்ல ஹெட்போனை ஃபுல்லா வெச்சுக்கிட்டு இதைப் படிக்கிறவங்க யாராவது இருந்தா... வேண்டாம், நான் ஒண்ணும் சொல்லலை. அந்தக் கோடு விழுற ஆடியோகிராமை மட்டும் ஒரு தடவை பார்த்திருக்கணும் நீங்க.

கீழ் வீட்டு அக்கா கதை தனி. தண்ணி பிடிக்கிற இடத்துல அம்மாகிட்ட கேட்டிருக்காங்க: "ஏனுங்க்கா, ராத்திரி பத்தரைக்கு மேல மாவு ஆட்டறீங்களா?" அவங்க வீட்ல ஏழு மாசக் குழந்தை. தொட்டிலைக் கட்டியிருக்கிற கொக்கி எங்க தரையில, அதாவது அவங்க கூரையில! தம்பியை மேலே படம் ஓட்டச் சொல்லிட்டு, நான் கீழே போய் நின்னு கேட்டேன். நீங்களும் ஒரு தடவை அப்படிக் கேட்டுப் பாருங்க. வசனம் இல்லை, பாட்டு இல்லை, வயலின் இல்லை. தூரத்துல யாரோ சுவத்தை முட்டுற மாதிரி 'தும்... தும்...' மட்டும். கூடவே ஷோகேஸ் கண்ணாடி கிலுங்குது. நாம மேலே பார்க்கிற படத்துல அவங்களுக்குக் கிடைக்கிற பங்கு இதுதான்.

போன் மீட்டரைப் பார்த்தா 38 டெசிபல்னு சமத்தாக் காட்டுது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55, ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரை 45. 'சட்டப்படி பாஸ்'னு தம்பி குதிச்சான். இதுல ஒரு டகால்டி இருக்கு. அந்த மீட்டர் 'ஏ' வெயிட்டிங்ல அளக்குது. அந்த அளவு 50 ஹெர்ட்ஸ்ல மட்டும் 30 டெசிபலைக் கழிச்சுட்டுத்தான் காட்டும். 'சி'க்கு மாத்தினேன். 61! குழந்தை முழிச்சதுக்குக் காரணம் கிடைச்சாச்சு.

ராத்திரியில ஏன் எல்லாரும் பேஸை ஏத்துறாங்கன்னும் ஒரு காரணம் இருக்கு. 1933ல பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது: சத்தம் குறையக் குறைய நம்ம காது கீழ் ஸ்வரங்களை மத்ததைவிட வேகமாத் தொலைக்கும். பத்து மணிக்கு வால்யூமைக் குறைச்சதும் 'பேஸ் போயிடுச்சே'ன்னு தோணும். உடனே கை பின்னாடி போகும். உங்களுக்குக் காதுக்குள்ள நடக்கிறது, கீழ் வீட்டுக்காரங்களுக்குக் கான்க்ரீட்டுக்குள்ள நடக்கும். அதனால எங்க வீட்ல ஏற்பாடு இப்படி: பொட்டிக்குக் கீழே கனமான ரப்பர் மேட். இது தரையை நேராத் தட்டுற அதிர்வைக் கொஞ்சம் பிடிக்கும், காத்துல போற பேஸை ஒண்ணும் பண்ணாது, பொய் சொல்ல மாட்டேன். பின்னாடி இருக்கிற ஓட்டைக்கு ஒரு ஃபோம் அடைப்பு, காலி பாட்டில் வாயில ஊதினா 'பூம்'னு வருமே, அந்த வேலையைத்தான் அந்த ஓட்டை செய்யுது. அடைச்சா பூம் குறையும். (பல்லி குடும்பம் நடத்தறதும் நிக்கும்!) பத்து மணிக்கு மேல ரிசீவர்ல 'நைட் மோட்'. வெடிச் சத்தத்தை அமுக்கி, கிசுகிசுப்பைத் தூக்கிக் கொடுக்கும். அப்பாருக்கு அது பகல்லயும் பிடிச்சிருக்கு. பத்தரை மணிக்கு மேல பொட்டிக்குத் தூக்கம், ஸ்விட்ச் ஆஃப். இது அம்மா போட்ட சட்டம், விதி 2000ஐ விடக் கடுமை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் சொல்லிடறேன். படம் ஓடாதப்பவும் பொட்டி 'உம்ம்ம்'னு முனகுதா? அது நம்ம கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ். பல வீட்ல வில்லன் செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிள் வயர். அதை ஒரு நிமிஷம் கழட்டிப் பாருங்க, முனகல் நின்னா ஆள் அகப்பட்டான். அதுக்கு ஐசோலேட்டர்னு சின்ன சாமான் எலெக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும். 'எர்த் பின்னை உடைச்சு விட்டா சரியாயிடும்'னு யாராவது ஐடியா கொடுத்தா அவரை வீட்டுக்குள்ளயே விடாதீங்க. முனகல் நிக்கும், நிஜம்தான். ஷாக் அடிச்சா காப்பாத்த வேண்டிய வழியும் அடைபட்டுடும்.

இப்போதைக்கு வீட்ல போர் நிறுத்தம். ஒரே ஒரு புகைச்சல். அப்பாவுக்காக வாங்கின டேபிள் ஃபேன் போடுற சத்தத்துல வசனம் கேட்கலைன்னு அப்பாரு சொல்றார், நியாயம்தான். ஃபேனை எங்கே வைக்கிறதுன்னு தம்பி மறுபடியும் தவழ ரெடியா இருக்கான். அப்பா வேற ஒண்ணு படிச்சிருக்கார்: எதிரெதிர் சுவர் நடுவுல ரெண்டு சப்ஊஃபர் வெச்சா ஹால் பூரா பேஸ் சமமாப் பரவுமாம். படிச்சது கரெக்ட்தான். நேத்து சாப்பிடும்போது மெதுவா ஆரம்பிச்சார். அம்மா ரசத்தை ஊத்திக்கிட்டே, "இன்னொரு பொட்டி வந்தா அதையும் நீங்களே துடைங்க"ன்னாங்க. அப்பாரு எங்க எல்லாருக்கும் முன்னாடி சிரிச்சார்.